கையைக் கடிப்பதற்கு முன்னால் நடந்தது

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள ஒருவர் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார், கையைக் கடித்துக்கொள்கிறார், பக்கத்தில் இருப்பவரைப் பிறாண்டுகிறார் என்றால் பார்ப்பவர்களுக்கு முதலில் எழும் கேள்வி ‘இதை எப்படி நிறுத்துவது?’ என்பதுதான். நேர்மறை நடத்தை ஆதரவு என்ற முறை அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு வேறு இரண்டைக் கேட்கிறது. அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? அப்படிச் செய்ததால் அவருக்கு என்ன கிடைத்தது? விடை தெரிந்த பிறகு மாற்றப்படுவது பெரும்பாலும் சுற்றியிருப்பவர்களின் பழக்கமும் வீட்டின் ஏற்பாடும்தான். கூடவே, கடித்துப் பெற்றதைக் கடிக்காமல் பெறும் வழி ஒன்று அவருக்குக் கற்றுத்தரப்படுகிறது. அடி, மிரட்டல், பட்டினி, கட்டிப்போடுதல் எதற்கும் இதில் இடமில்லை. ‘நேர்மறை’ என்ற சொல்லுக்கு இங்கே பொருள் அவ்வளவுதான். எதைச் செய்தாலும் சிரித்த முகத்தோடு பொறுத்துக்கொள்வது என்று புரிந்துகொண்டு இதில் இறங்குபவர்கள் ஒரு வாரத்தில் அலுத்துப்போவார்கள்.

வழக்கத்துக்கு மாறான எல்லா நடத்தையும் இதன் கணக்கில் வராது. கையை உதறுவது, உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே சொல்லை நாள் முழுக்கச் சொல்வது ஆகியவற்றால் யாருக்கும் காயமில்லை. கல்யாண வீட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதற்காக அவற்றை நிறுத்தப் பார்ப்பது குடும்பத்தின் கூச்சத்துக்கு மருந்தாகுமே தவிர, பிள்ளைக்கு எந்த நன்மையும் செய்யாது. தனக்கோ பிறருக்கோ காயம் உண்டாக்கும் நடத்தையும், பள்ளி, பேருந்து, கடை, உறவினர் வீடு என்று ஒவ்வொரு கதவாக அவருக்குச் சாத்தவைக்கும் நடத்தையும்தான் சவாலான நடத்தை எனப்படும். இங்கிலாந்தில் எடுத்த கணக்குகளின்படி அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேரிடம் இது காணப்படுகிறது. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாற்றுத்திறனாளிகள் என்று பதிந்தவர்கள் 2.68 கோடிப் பேர். அவர்களில் சுமார் 15 லட்சம் பேர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். வீட்டுக்குள்ளேயே வைத்து மறைக்கப்பட்டவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் முழுதாக வருவதில்லை.

சென்னைக்கு ரயிலில் வருபவர்களுக்குப் பேசின் பிரிட்ஜ் என்றால் வண்டி நிற்கும் இடம். சென்ட்ரல் கூப்பிடு தூரத்தில் இருக்கும். பெட்டி படுக்கையை இறக்கிக்கொண்டு எல்லாரும் வாசலில் நிற்பார்கள். சிக்னல் மட்டும் விழாது. ரயில் பெட்டிகளைக் கழுவிச் சரிபார்க்கும் பணிமனை, எரிவாயு மின்நிலையம், பக்கிங்ஹாம் கால்வாய், அதில் வந்து கலக்கும் ஓட்டேரி நல்லா, இவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு தெருக்கள். ஒரு பக்கம் புளியந்தோப்பு, மறுபக்கம் கொருக்குப்பேட்டை. இரவு பகல் என்றில்லாமல் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட தெரு ஒன்றில், விளக்கத்துக்காக மட்டும், ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

ஒற்றை அறை. பன்னிரண்டு வயதுப் பையன், பேச்சு வரவில்லை. சாயங்காலம் ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே அதே இடத்தைக் கடிக்கிறான். தோல் தடித்துக் காய்ப்புக் காய்த்துவிட்டது. காத்து கருப்பு அண்டியிருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி, மந்திரித்துத் தாயத்தும் கட்டியாயிற்று. அம்மாவுக்கு வேறொரு சந்தேகம். “மிஸ், ரயில் சத்தம்தான் இவனுக்கு ஆவல” என்கிறார் வீட்டுக்கு வரும் சிறப்பு ஆசிரியரிடம். “இருக்கட்டும்மா. பத்து நாளு எழுதி மட்டும் வைங்க, அப்புறம் பாக்கலாம்” என்கிறார் அவர். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மூன்று கட்டம் போடப்படுகிறது: முன்னால், நடந்தது, பின்னால்.

திங்கள், மாலை 6.40. தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிக்குத் தண்ணீர் லாரி வந்தது. அம்மா குடங்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கொக்கி போட்டார். கடித்தான். அம்மா அரைக் குடத்தோடு ஓடிவந்தார். செவ்வாய், லாரி இல்லை. வண்டி ஒன்று நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தான். புதன், 7.05. லாரி, குடம், கொக்கி. கடித்தான், தலையையும் மோதிக்கொண்டான். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கையில் முறுக்கைக் கொடுத்தார், அடங்கினான். வியாழன், லாரி வந்தது. சித்தப்பா வீட்டில் இருந்தார். கடிக்கவில்லை.

பத்து நாள் முடிவதற்குள்ளேயே ரயில் விடுதலையாகிவிடுகிறது. பிறந்ததிலிருந்து கேட்கும் ஹாரன் அவனுக்குத் தாலாட்டு மாதிரி. கொக்கி விழும் சத்தம்தான் அவனுக்கு ஆகவில்லை. கடித்தால் அம்மா வருகிறார். சில நாள் முறுக்கும் வருகிறது. பேசத் தெரிந்த பிள்ளை “எம்மா, சீக்கிரம் வா” என்று கத்தியிருப்பான்.

இந்தப் பதிவுக்கு முன், நடத்தை, பின் என்ற மூன்று கட்டத்துக்கு மேல் எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் எழுதுவதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ‘பிடிவாதம் பிடித்தான்’, ‘வேண்டுமென்றே செய்தான்’, ‘திமிர்’ என்றெல்லாம் எழுதினால் நோட்டு வீண். கேமரா பார்த்திருந்தால் எது தெரியுமோ அது மட்டும்தான் நோட்டில் ஏற வேண்டும். கடிக்காத நாட்களையும் எழுத வேண்டும். மேலே சொன்ன வீட்டில் துப்புக் கொடுத்தவை செவ்வாயும் வியாழனும்தான். சண்டை நடந்த நாளை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்வது எல்லாருக்கும் உள்ள பழக்கம் என்பதால், பெரும்பாலான வீடுகளில் இந்தப் பாதி விட்டுப்போகிறது.

எழுதத் தொடங்கும்போதே உடம்பையும் பார்த்துவிட வேண்டும். சொல்லத் தெரியாதவருக்குப் பல்வலி வந்தால் தாடையில் குத்திக்கொள்வார். காதில் சீழ் கட்டினால் காதைச் சுவரில் இடிப்பார். நாள்கணக்கில் மலச்சிக்கல், வயிற்று எரிச்சல், வலிப்பு, சாப்பிடும் மாத்திரையின் பக்கவிளைவு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பெண் பிள்ளைகள் விஷயத்தில் நோட்டில் தேதி மிக முக்கியம். மாதத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் கடியும் அழுகையும் கூடுகிறது என்றால் தேட வேண்டியது மாதவிடாய் வலியை. பேசின் பிரிட்ஜிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனையும், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் தூரமில்லை. சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் போகக்கூடிய நடத்தைக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பது வேடிக்கையான கொடுமை.

உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு மிஞ்சும் காரணங்கள் பெரும்பாலும் நான்கே வகைக்குள் அடங்கிவிடும். யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும். ஒரு பொருள் கையில் கிடைக்க வேண்டும். பிடிக்காத வேலை, இடம், கூட்டம் ஆகியவற்றிலிருந்து தப்ப வேண்டும். நாலாவது, அந்தச் செயலே உடம்புக்கு ஒரு சுகம் தருகிறது. நான்காவது வகையில் ஆள் தனியாக இருந்தாலும் நடத்தை தொடரும். மற்ற மூன்றும் பெரும்பாலும் எதிரிலோ சத்தம் கேட்கும் தூரத்திலோ ஓர் ஆள் இருந்தால்தான் நடக்கும்.

ஒரே ஆளுக்கு ஒரே நடத்தை இரண்டு காரணத்துக்காகவும் வரும். அதே பையனை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் புறநகர் ரயிலில் அழைத்துப்போகிறார்கள். சென்ட்ரலுக்கு முன்னால் வண்டி நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் போனதும் கையைக் கடிக்கிறான். இங்கே அம்மா பக்கத்திலேயே, தோளில் கை போட்டபடி உட்கார்ந்திருக்கிறார். அம்மா வேண்டும் என்பதற்கான கடியாக இது இருக்க முடியாது. சென்ட்ரல் வந்ததும் அம்மா பயந்துபோய் மருத்துவமனைக்குப் போகாமல் வீடு திரும்பிவிடுகிறார். அடுத்த முறை வண்டி நின்றதுமே கடி தொடங்குகிறது. வீட்டில் ‘வா’ என்று பொருள்பட்ட கடி, ரயிலில் ‘என்னைக் கொண்டுபோய்விடு’ என்று பொருள்படுகிறது. வீட்டுக்குப் போட்ட திட்டத்தை ரயிலில் வைத்தால் ஒன்றும் நடக்காது. ‘கையைக் கடிக்கும் பிள்ளைக்கு என்ன செய்யலாம்?’ என்று பொதுவாகக் கேட்பவருக்கு இந்த முறையில் பதிலே கிடையாது.

இப்படிக் காரணம் தேடும் வழக்கம் வயதில் சிறியது. 1960-களில் அமெரிக்காவில் ஐவர் லோவாஸ் ஆட்டிசக் குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி தந்தபோது பாராட்டோடும் தின்பண்டத்தோடும் அறையும் மின்அதிர்ச்சியும் சேர்ந்தே இருந்தன. லைஃப் பத்திரிகை 1965-ல் அதைப் படங்களோடு வெளியிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மையம் உடம்பில் கட்டிய கருவியால் மின்அதிர்ச்சி கொடுப்பதை இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-ல் அதற்குத் தடை போட, 2021-ல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பழைய முறை தானாக விடைபெற்றுப் போய்விடவில்லை.

திருப்பம் 1982-ல் வந்தது. பால்டிமோரில் பிரையன் இவாட்டாவும் அவருடன் பணியாற்றியவர்களும் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரை வெவ்வேறு சூழலில் வைத்துப் பார்த்தார்கள். கடினமான வேலை கொடுத்து ஒரு முறை, காயப்படுத்திக்கொண்டால் மட்டும் கவனித்து ஒரு முறை, விளையாடவிட்டு ஒரு முறை, தனியாக விட்டு ஒரு முறை. ஆறு பேரிடம் குறிப்பிட்ட ஒரு சூழலில் மட்டும் காயம் கூடியது. அந்தச் சூழல் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. மூன்று ஆண்டு கழித்து எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் அடுத்த அடியை வைத்தார்கள். வகுப்பில் தொல்லை கொடுத்த நான்கு குழந்தைகளில், பாடம் கடினம் என்பதால் அப்படிச் செய்தவர்களுக்கு ‘புரியவில்லை’ என்று சொல்லவும், கவனம் கிடைக்காததால் செய்தவர்களுக்கு ‘நான் நன்றாகச் செய்கிறேனா?’ என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். காரணத்துக்குப் பொருந்திய வாக்கியம் கற்றபோது தொல்லை குறைந்தது. பொருந்தாத வாக்கியம் பயன்படவில்லை. 1990-ல் ராபர்ட் ஹார்னரும் காரும் மற்றவர்களும் சேர்ந்து, வலி தராத நடத்தை ஆதரவு என்று இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். 1997-ல் அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டத்தில் அது இடம்பிடித்தது.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது ஊரறிந்த பழமொழி. அடி விழுந்ததும் பிள்ளை அந்த நிமிடத்துக்கு நிறுத்திவிடுகிறான் என்பதும் உண்மை. அந்த நிம்மதி அடித்தவருக்குக் கிடைக்கிறது. அடுத்த முறை அவர் கை இன்னும் சீக்கிரம் ஓங்குகிறது. இந்த இடத்தில் பழக்கப்படுத்தப்படுபவர் பெரியவர்தான். பையனுக்கோ அம்மா வேண்டும் என்ற தேவை அப்படியே இருக்கிறது. அதைச் சொல்லும் வழி ஒன்று அடைபட்டதால் வேறொன்றைத் தேடுவான், அது கடியைவிட மோசமானதாகவும் இருக்கலாம். கவனத்துக்காகச் செய்கிற பிள்ளைக்கு அடியும்கூட ஒருவகைக் கவனம்தான்.

தண்ணீர் நேரத்துக் கடிக்கு என்ன திட்டம் போடலாம்? முதலில் சூழல். குடம் எடுக்கும் நேரம் திடீரென்று வருவதுதான் சிக்கல் என்றால், லாரி வந்ததும் குடத்தின் புகைப்படத்தைக் கதவில் மாட்டலாம். அம்மா திரும்பியதும் அதை அவனே கழற்றலாம். ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்த படம் போதும். அதைவிட நல்லது, ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கையில் கொடுத்து அவனையும் கூட்டிப்போவது. தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற தயக்கம் பல வீடுகளில் பிள்ளையின் நடத்தையைவிடப் பெரிய தடை.

அடுத்தது, மாற்று வழி. ஜன்னல் கம்பியில் ஒரு சைக்கிள் மணி. அடித்தால் தெருமுனையிலிருந்து “தோ வரேன்டா” என்று குரல் வர வேண்டும், ஆளும் வர வேண்டும். முதல் வாரம் இருபது தடவை அடித்தால் இருபது தடவையும் வர வேண்டும். மணி கடியைவிட எளிது, கடியைவிடச் சீக்கிரம் பலன் தரும் என்று அவனுக்கு உறைத்த பிறகுதான் மெல்ல மெல்லத் தாமதம் செய்யலாம்: குரல் உடனே, ஆள் அரை நிமிடம் கழித்து, பிறகு ஒரு நிமிடம், பிறகு ஒரு குடம் நிறையும் நேரம். அவசரப்பட்டு மூன்றாம் நாளே காத்திருக்க வைத்தால் மணி தோற்றுப்போகும். மணி தோற்றால் பழைய கடி திரும்பும்.

கடிக்கும்போது என்ன செய்வது என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். காயம் படாமல் தடுக்க வேண்டும். கைக்கும் பல்லுக்கும் நடுவே மடித்த துண்டு ஒன்றை வைக்கலாம். திட்டு, கெஞ்சல், முறுக்கு எதுவும் கூடாது. மணியைத் தொட்டுக் காட்டி, அடித்ததும் கவனம் தரலாம். இந்தக் கட்டத்தில் கடி குறைவதற்கு முன் சில நாள் கூடவும் செய்யலாம். அணையப்போகிற விளக்கு பளிச்சென்று எரிவதைப் போல. பல குடும்பங்கள் திட்டத்தைக் கைவிடுவது இந்த நாட்களில்தான். பாட்டியின் முறுக்கு திரும்ப வருவதும் அப்போதுதான். பத்துக் கடியில் ஒன்றுக்கு மட்டும் முறுக்கு கிடைத்தால், ஒவ்வொரு கடிக்கும் கிடைத்ததைவிடப் பழக்கம் உறுதியாக வேரூன்றும். என்றோ ஒருநாள் விழுந்த சின்னப் பரிசை நம்பி ஆண்டுக்கணக்கில் சீட்டு வாங்கியவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு, அதாவது 2003-ல் லாட்டரி தடை செய்யப்படும்வரை இந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்கு, இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே பாட்டியும் திட்டத்தில் ஓர் ஆள். மணி அடித்ததும் முறுக்கு கொடுக்கலாம், தடையில்லை.

ரயிலுக்கு வேறு திட்டம். கூட்டம் இல்லாத நேரத்து வண்டி. கம்பியில் கோத்த ஐந்து பாசிமணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினால் காத்திருப்பு நகர்வது கண்ணுக்குத் தெரியும். ‘இறங்கணும்’ என்பதற்கு ஒரு படம். முதல் சில நாட்கள் ஒரே ஒரு நிலையம் போய், அவன் படத்தைக் காட்டியதும் உண்மையாகவே இறங்கிவிடுவது. மருத்துவமனைக்குப் போகும் நாளன்று இதைப் பழக்கத் தொடங்கக் கூடாது. நீச்சலை வெள்ளத்தில் கற்றுக்கொடுப்பதில்லை.

மாத்திரைக்கும் ஓர் இடம் உண்டு. ஆட்டிசக் குழந்தைகளின் கடும் எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோனை அமெரிக்கா 2006-ல் அனுமதித்தது; இங்கும் மனநல மருத்துவர்கள் அதை எழுதுகிறார்கள். எடை கூடுவதும் தூக்கம் அழுத்துவதும் அதோடு வரும். கொக்கி சத்தத்தை மாத்திரை மாற்றாது. நோட்டு இல்லாமல் மாத்திரை மட்டும் தொடரும்போது, பையன் அமைதியானானா அசந்துபோனானா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தியாவுக்கு இந்தத் துறை வெளியிலிருந்து வந்த புதுச் சரக்கும் அல்ல. செகந்திராபாத்தில் 1984-ல் தொடங்கிய தேசிய மனவளர்ச்சிக் குறைபாட்டு நிறுவனத்தில் ரீதா பெஷாவரியாவும் எஸ்.வெங்கடேசனும் 1992-ல் இந்தியக் குழந்தைகளுக்கான நடத்தை மதிப்பீட்டு அளவுகோலை உருவாக்கினார்கள். அதன் முதல் பகுதியில் 280 திறன்கள். இரண்டாம் பகுதியில் 75 சிக்கல் நடத்தைகள், பத்துப் பிரிவுகளாக. முரட்டுத்தனம், அடம், தன்னைக் காயப்படுத்துதல், பயம் என்று ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’, ‘எப்போதாவது’, ‘அடிக்கடி’ என்று 0, 1, 2 மதிப்பெண். சென்னையில் பி.ஜெயச்சந்திரனும் வி.விமலாவும் அதற்கு முன்பே உருவாக்கிய மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை 18 துறைகளில் 360 திறன்களை வரிசைப்படுத்தியது. பிள்ளைக்கு எது வரவில்லை என்று எழுதுவதோடு நிற்காமல் எது வரும், அடுத்து எதைக் கற்பிக்கலாம் என்று தேடவைத்தது அதன் சிறப்பு. சிறப்புப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த அளவுகோல்கள் பழகிய கருவிகள். ஆண்டுக்கு இரு முறை எண்களை நிரப்பிக் கோப்பில் போட்டுவிடுவதோடு நின்றால் மட்டும் பயனில்லை. எத்தனை முறை என்பதை எண் சொல்லும். ஏன் என்பதை ஆள்தான் தேட வேண்டும்.

பேசாத பிள்ளைக்குப் பேச்சு தரும் கருவியிலும் சென்னைக்குப் பங்குண்டு. ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், கோட்டூர்புரம் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து உருவாக்கிய ‘ஆவாஸ்’, படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் கருவியாகத் தொடங்கிப் பிறகு கைக்கணினிச் செயலியானது. சைக்கிள் மணி செய்யும் வேலையின் நீண்ட வடிவம் அது. மணிக்கு ஒரே வாக்கியம்தான் தெரியும். செயலியில் நூறு இருக்கும்.

வித்யாசாகர் கோட்டூர்புரத்தில்; தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் தரமணியில்; மத்திய அரசு 2005-ல் தொடங்கிய பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில். மூன்றும் நகரின் தெற்கே. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரிலிருந்து வரும் தாய்க்கு முட்டுக்காடு என்பது வண்டி மாறி வண்டி மாறி ஒரு முழு நாள். அன்றைக்கு வேலை கிடையாது, கூலி கிடையாது. ஆகவே வடசென்னையில் இந்த முறை பிழைப்பதும் சாவதும் வீட்டுக்கு வந்துபோகிறவர்களைப் பொறுத்தது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லித்தருகிறார்கள். வீட்டுக்குள் வரும் ஆள் ஒருவர்தான் கொக்கியைப் பார்க்க முடியும். எத்தனை நல்ல மையமாக இருந்தாலும் தெற்கே இருக்கும் அறையில் அந்தக் கொக்கி இருக்காது.

கொக்கி சின்னக் கட்டுப்பாடு. பெரிய கட்டுப்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் பெயர் ஏர்வாடி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல விடுதி ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்தபோது அதன் 95-ஆவது பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்றது. 97-ஆவது பிரிவு தனிமைச் சிறையைத் தடை செய்தது. உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் மனநல மருத்துவரின் அனுமதியோடு உடலைக் கட்டுப்படுத்தலாம் என்றது. அந்தச் சட்டத்தின் ‘மனநோய்’ வரையறைக்குள் அறிவுசார் குறைபாடு வராது. அவர்களுக்கான காப்பு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. அதன் 6-ஆவது பிரிவு கொடூரமாகவும் இழிவாகவும் நடத்துவதிலிருந்து பாதுகாப்பு தருகிறது. தாக்குதல் போன்ற குற்றங்களுக்கு 92-ஆவது பிரிவு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009 ஏற்கெனவே தடுத்திருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் எதைச் செய்யக்கூடாது என்ற பட்டியல்கள். ஆஸ்திரேலியாவில் 2018 முதல் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம் ஐந்து வகைக் கட்டுப்பாடுகளைக் கணக்கில் வைக்கிறது: தனியறையில் அடைத்தல், மருந்தால் அடக்குதல், கருவியால் கட்டுதல், உடலைப் பிடித்து அமுக்குதல், கதவையும் பொருளையும் பூட்டிவைத்தல். பராமரிப்பு நிறுவனங்கள் இவற்றில் எதைச் செய்தாலும் அதற்கொரு நடத்தை ஆதரவுத் திட்டம் இருக்க வேண்டும், கணக்கும் காட்ட வேண்டும். பேசின் பிரிட்ஜ் வீட்டுக் கொக்கி அந்தப் பட்டியலின் ஐந்தாவது வகை. கொக்கியைக் கழற்று என்று சொல்வது எளிது. பத்தடியில் தண்டவாளமும் மறுபக்கம் கால்வாயும் இருக்கும் தெருவில் அதைச் சொல்பவர், அம்மா குடம் நிறைக்கும் பத்து நிமிடத்துக்கு யார் உட்காருவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் ஊழியர்கள் நோயாளிகளை அடித்து உதைத்ததை 2011-ல் பிபிசி மறைவாகப் படம்பிடித்துக் காட்டிய பிறகு, அந்த நாடு முழுவதும் இந்த முறை கொள்கையாகவே பரவியது. பரவிய பிறகு ஒரு சோதனையும் நடந்தது. 23 சமூகக் குழுக்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஊழியர்களுக்கு நேர்மறை நடத்தை ஆதரவில் பயிற்சி கொடுத்து, ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். 2018-ல் வந்த முடிவின்படி இரு பாதிகளிலும் சவாலான நடத்தை ஒரே அளவில்தான் இருந்தது. சில நாள் பயிலரங்கும் சான்றிதழும் வீட்டுக்குள் நுழைந்து எதையும் மாற்றிவிடுவதில்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் வைக்கும் குற்றச்சாட்டு வேறு: பரிசு கொடுத்துப் பழக்குவதும் ஒருவகை அடக்குமுறையே, சிறு வயதில் தங்களைப் பிறரைப் போல நடிக்கப் பழக்கினார்கள் என்கிறார்கள். கடியின் எண்ணிக்கை குறைந்ததை மட்டும் வெற்றியாக எழுதும் திட்டங்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். எட்வர்ட் கார் தம் பிற்கால எழுத்தில் நடத்தை குறைவதை இரண்டாவது இடத்தில்தான் வைத்தார். முதலிடம் அந்த மனிதரின் வாழ்க்கை விரிவதற்கு. பேசின் பிரிட்ஜ் பையனுக்கு அதன் பொருள், கேனோடு தெருமுனைக்குப் போவது, ஹாரன் அடிக்கும் வண்டியைப் பாலத்தின் மேல் நின்று பார்ப்பது.

பதினெட்டு வயதுக்கு மேல் நிலைமை கடினம். சிறப்புப் பள்ளி முடிந்துவிடுகிறது, பயிற்றுநர் வருவதும் நின்றுவிடுகிறது. பன்னிரண்டு வயதில் துண்டை வைத்துத் தடுக்க முடிந்த கையை இருபத்தைந்து வயதில் அம்மாவால் தடுக்க முடியாது. தீவிர பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. பகலில் போய் உட்கார ஓர் இடம் கிடைப்பது அதைவிட அரிது.

வீடு மாறினாலும் திட்டம் மாற வேண்டும். கால்வாய்க் கரையிலிருந்தும் தண்டவாள ஓரத்திலிருந்தும் குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்படுவது வடசென்னையில் தெரிந்த கதை. ஏழு மாடி மேலே புது வீடு. குழாயில் தண்ணீர், லாரி இல்லை, பாட்டி இல்லை, ஹாரனும் இல்லை. லிஃப்ட் கதவு மூடும் சத்தம் மட்டும் புதிது. கதவில் மாட்டிய குடத்தின் படம் இனி உதவாது. சைக்கிள் மணியைக் கழற்றிக் கொண்டுவந்து புது ஜன்னலில் மாட்டலாம். ஆனால் அது கேட்டு வருவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். அம்மா இன்னொரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மூன்று கட்டம் போட்டு, முதல் நாளின் தேதியை எழுதுகிறார்.